வில்வமும் புழுவும்



நம் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் வில்வம் இந்நாட்டுக்கே உரிய மரம். வேனில் தொடக்கத்தில் இலை உதிர்த்துப் பின் தளிர்க்கின்றது. சிவபூசைக்கென்று அத்தளிரைப் பறிக்கச் சென்றால், நமக்கு முன்பே அங்கொருவர் அமுது செய்துகொண்டிருக்கக் காண்கின்றோம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவைத்தான் சொல்லுகின்றேன்.

சற்று நின்று பாருங்கள். தாய்ப்பூச்சி முன்காலால் இலையைத் தடவி, தன் மகவுக்குரிய தளிர் இதுவே என்று தெளிந்த பின்னரே முட்டையிடுகின்றது, அதுவும் ஒன்றொன்றாக. இளம்புழுவைக் கண்டால் குருவியின் எச்சம் என்றே ஒதுங்குவீர்கள். அவ்வேடமே அதற்குக் காவல். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவம் எய்தியதும் இலையோடு இலையாய்ப் பசுமை பூணுகின்றது. தீண்டினால் தலைக்குப் பின்னே செந்நிறக் கொம்பு கவடாய் வெளிப்பட்டு நாற்றம் வீசும். அதற்கு அஞ்சுவோர் பலர். முருங்கையில் அடையும் கம்பளிப்பூச்சி வேறு, இது வேறு. இதற்கு அரிக்கும் மயிரில்லை. பின்னர்ப் பட்டிழையால் தன்னைக் கொம்பொன்றில் கட்டிக்கொண்டு, உணவின்றி இருந்து, சிறகுடன் புறப்படுகின்றது. முட்டை முதல் இதுவரை ஏறக்குறைய ஒரு திங்கள்.

மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தில் தாம் எடுத்திளைத்த பிறவிகளை எண்ணுங்கால், புழுவையும் மரத்தையும் அடுத்தடுத்தே வைத்தார். நம் கொல்லையிலும் அவை அவ்வாறே இருக்கின்றன.

"புழு அரித்த இலை அருச்சனைக்கு ஆகாதே, மருந்து தெளித்தால் என்ன?" என்பீர்கள். அரித்த இலை ஆகாது, உண்மையே. நஞ்சு தோய்ந்த இலை ஆகுமோ? அது பெருமான் திருமுடியிலிருந்து பிரசாதமாய் நம் குழந்தையின் வாய்க்கன்றோ வருகின்றது!

இலைக்குப் பஞ்சம் வருமென்ற கவலையும் வேண்டா. மலர்களுக்கு இல்லாத சலுகை வில்வத்திற்கு உண்டு. முன்னரே பறித்து வைக்கலாம், உலர்ந்ததும் கொள்ளலாம், சார்த்தியதைக் கழுவி மீண்டும் சார்த்தலாம் என்பது பெரியோர் வழக்கு. திங்கட்கிழமையிலும் அமாவாசையிலும் பறிக்கலாகாதென்று முதல்நாளே பறித்து வைப்பவர்கள்தாமே நாம்? வளர்ந்த மரத்தை இப்புழு பட்டுப்போகச் செய்வதுமில்லை; மேற்கொம்புகளில் இலை தழைத்தே நிற்கும்.

முழ உயரக் கன்றாயின் கதை வேறு. பத்துப் புழு சேர்ந்தால் அங்கே குச்சிதான் மிஞ்சும். அப்போது புழு இருக்கும் இலையோடு கிள்ளியெடுத்து, பெரிய வில்வத்தின் தளிரிலே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.