ஐந்தாம் சக்கரம்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பற்றிப் பேச நாம் எழுந்திருப்பது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும் இவ்வவையில் வீற்றிருக்கும் குடும்பங்களிற் பல, பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் தத்தம் வண்டியிலேயே தமிழ்நாடு சென்று வருபவை. விஜயவாடா வழியாகச் சென்னை செல்வோரும் உண்டு. கர்நூல், அனந்தப்பூர் வழியாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பற்றிக்கொண்டு சேலம், மதுரை வரை செல்வோரும் உண்டு. குழந்தைகள் பின்னிருக்கையில் உறங்க, ஊர் விளக்கொன்றும் கண்ணிற் படாத இடத்தில், ஒரு சக்கரம் காற்றிழக்கிறது எனக் கொள்வோம். அவ்வேளையில் அக்குடும்பத்தின் பாதுகாப்பு, பின்பெட்டியின் அடியில் கிடக்கும் ஐந்தாம் சக்கரத்தையே சார்ந்து நிற்கிறது. அது நம் வண்டிக்குப் பொருந்துமா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஆயுத பூசையன்று நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். ஐந்தாவதற்கு ஒரு சந்தனப் பொட்டும் கிடைப்பதில்லை.

அதனை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அஃது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் உடன்பிறந்தார் இருவர் 1904ஆம் ஆண்டில் ஒரு சாதனம் செய்தனர். அக்காலத்து வண்டிகளில் சக்கரத்தை எளிதிற் கழற்ற இயலாது. ஆகவே ஆரக்கால் இல்லாத ஒரு வட்டில் காற்றடைத்த டயரை ஏற்றி, காற்றிழந்த சக்கரத்தின் பக்கத்தில் அதனைப் பிணைத்து வண்டியை ஓட்டச் செய்தனர். அத்தெருவின் பெயர் இங்கிலாந்திலே பெரும்பாலும் வழக்கொழிந்த பின்னரும், நம் நாட்டுப் பஞ்சர்க் கடைகளில் இன்றளவும் உயிரோடு இருக்கிறது.

இனிப் பொருத்தம் பார்க்கும் முறைக்கு வருவோம். டயரின் பக்கச் சுவரில் 185/65 ஆர்15 88எச் என்பது போன்ற ஒரு குறிப்பு இருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் பக்கச் சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 88 என்பது பாரக் குறியீடு; அதன் பொருள் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது. எச் என்ற எழுத்து, மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை அது தாளும் என்பதைச் சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 185இல் 65 விழுக்காடு 120.25 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், ஆக 240.5. ரிம்மின் 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 621.5. இப்போது 195/55 ஆர்16 என்னும் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 620.9. எண்கள் எல்லாம் வேறு. உயரமோ ஏறத்தாழ ஒன்றே. விலை உயர்ந்த வகை வண்டிகளில் 16 அங்குல அலாய் சக்கரங்களைப் பூட்டி, ஸ்டெப்னியாக 15 அங்குல இரும்புச் சக்கரத்தைத் தயாரிப்பாளர் வைப்பது இக்கணக்கின் பேரில்தான்.

ஆனால் அழகு கருதி நாமே கடைக்குச் சென்று 205/55 ஆர்17 போட்டுக்கொண்டால் விட்டம் 657.3 ஆகிவிடுகிறது. பழைய ஸ்டெப்னி பெட்டியிலேயே கிடக்கிறது. அதனைப் பூட்டும் நாளில் ஓர் அச்சின் இரு முனைகளிலும் 35 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடுள்ள இரு சக்கரங்கள் சுழலும். சிறியது கூடுதல் சுற்றுகள் சுற்றவேண்டும். அவ்வேறுபாட்டை டிஃபரன்ஷியல் ஓயாது ஈடுசெய்துகொண்டே இருக்கவேண்டும். வண்டியும் ஒருபக்கம் இழுக்கும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியானால் தீங்கு இன்னும் பெரிது. முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் முன்டயர் பழுதானால், நல்ல பின்சக்கரம் ஒன்றை முன்னே மாற்றி, சிறிய ஸ்டெப்னியைப் பின்னே பூட்டுவதே முறை. இரவில் இரு முறை ஜாக்கி ஏற்றுவது தொல்லைதான். எனினும் அதுவே நன்று.

விட்டம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. ரிம்மில் நட்டுத் துளைகள் நான்கா ஐந்தா, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டரா 114.3ஆ என்று பார்க்கவேண்டும். நடுத்துளை வண்டியின் ஹப்பில் சரியாக அமரவேண்டும். ரிம்மின் உட்புறத்தில் ‘இடி’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளை அடுத்து ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். சக்கரம் எவ்வளவு உள்வாங்கி அல்லது வெளித்தள்ளி நிற்கும் என்பதை அவ்வெண் கூறும். அது மிகுதியானால் டயர் உள்ளே ஷாக் அப்சார்பரில் உரசும். குறைந்தால் வெளியே மட்கார்டில் உரசும். ராணிகஞ்சில் பழைய ரிம் ஒன்றை மலிவாகப் பேசி வாங்கும் அன்பர்கள், விலையைக் கேட்கும் முன்னர் இவற்றைக் கேட்பார்களாக. இவையெல்லாம் ஒத்த பின்னும் ஒரு தடை உண்டு: பிரேக். சிறிய ரிம்முக்குள் பிரேக் காலிப்பர் அடங்காமற் போகலாம். அதனை எந்தக் கணக்கும் காட்டாது. பூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நம் பிள்ளைகள் கனடாவிலும் ஜெர்மனியிலும் வாழ்கின்றனர். அவர்கள் தொலைபேசியில் ‘குளிர்கால டயர்’ என்று சொல்லும்போது தாய்மார்கள் திகைப்பதுண்டு. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வழக்கமான டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. குளிரிலும் மென்மை மாறாத ரப்பரால் ஆன டயர் அங்கே வேண்டும். 1934இல் பின்லாந்து நாட்டு ரப்பர் ஆலையொன்று, பிற்காலத்தில் நோக்கியன் என்று பெயர் பெற்றது, லாரிகளுக்காக முதன்முதலில் இதனைச் செய்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். செகந்திராபாத்தின் மார்கழிக் குளிருக்கு இது வேண்டியதில்லை. நம் சித்திரை வெயிலில் அம்மென்மையான ரப்பர் விரைவில் தேய்ந்தே போகும்.

அங்கே பலர் இரண்டாம் தொகுதியாக நான்கு இரும்பு ரிம்களை வாங்கி, அவற்றில் குளிர்கால டயரை நிலையாக ஏற்றி வைத்துக்கொள்கின்றனர். செலவைக் குறைக்க ஓர் அங்குலம் சிறிய ரிம்மையும் உயர்ந்த சுவருள்ள டயரையும் தெரிவு செய்வதுண்டு. நாம் மேலே கண்ட கணக்கு அப்படியே அங்கும் செல்லும். பிரேக் தடையும் அப்படியே. பாரக் குறியீடு வண்டிக்கு விதித்ததினும் குறைதல் ஆகாது. மூன்று மலைமுடிகளுக்கிடையே பனித்துகள் வரைந்த சின்னம் டயரில் இருக்கவேண்டும். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் குளிர்கால டயர் எனச் செல்லுபடியாவது அச்சின்னம் உடையது மட்டுமே. இரண்டை மட்டும் மாற்றுவது பெருந்தவறு. நான்கும் ஒருசேர மாறவேண்டும்.

ஊருக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, பகலில், சமதளத்தில், ஸ்டெப்னியை எடுத்துப் பூட்டிப் பாருங்கள். முன்புறத்தில் ஒரு முறை, பின்புறத்தில் ஒரு முறை. வண்டி தூக்கிய நிலையிலேயே சக்கரத்தைக் கையாற் சுழற்றுங்கள். உரசும் ஓசை கேட்கலாகாது. முன்புறத்தில் பூட்டியிருக்கும்போது ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதும் திருப்பிப் பாருங்கள். அலாய் சக்கரத்தின் நட்டு இரும்புச் சக்கரத்தில் சரியாக அமராமற் போவதும் உண்டு. அப்படியானால் தக்க நட்டுகளை ஒரு பையிலிட்டு ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள். பூட்டு நட்டு இருந்தால் அதன் திறவுகோலையும் அதே பையில் இடுங்கள்.

வயதும் பார்க்கவேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஓடாத டயரும் மூப்படையும். காற்றழுத்தமோ பலரும் ஆண்டுக்கணக்கில் பாராதது. ‘டி’ என்னும் எழுத்தில் தொடங்கும் குறிப்புள்ள ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டும். மற்ற நான்கிற்கு அடிக்கும் அளவு அதற்குப் போதாது. அதனைக் கொண்டு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது.

புது வண்டி வாங்குவோருக்கு ஒரு சொல். 2020 அக்டோபர் முதல், டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பழுதுபார்க்கும் பெட்டியும் உள்ள பயணிகள் வண்டி ஸ்டெப்னி இன்றியே விற்கப்படலாம் என மத்திய அரசு விதி திருத்தியது. அப்பெட்டியிலுள்ள பசை ஆணி குத்திய துளையை அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் பயன்படாது. ஆதலால் விலை பேசும்போதே பின்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

விழா நிறைவுற்றதும் நாம் கைவிளக்குடன் வண்டிகள் நிற்கும் திடலில் சிறிது நேரம் இருப்போம். தத்தம் ஸ்டெப்னியின் எண்களைப் படித்துப் பார்க்க விரும்புவோர் வரலாம்.