மயிலைக் கரையில் இறங்கிய படைகள்

(மயிலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சாந்தோம் கடற்கரைக்கு மாலைதோறும் காற்று வாங்க வருவோர் பலர். தம் காலடியிற் கிடக்கும் அம் மணலுக்கு ஒரு போர் வரலாறு உண்டென்பதை அவருட் சிலரே அறிவர். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுப் படையொன்று அங்கு வந்து இறங்கிற்று. எழுபத்து நான்கு ஆண்டு கழித்து மீண்டும் ஒரு பிரெஞ்சுப் படை அக் கரையோரமாக வந்தது. இருமுறையும் இறங்கியவர்கள் உடனே வென்றார்கள். இருமுறையும் அவ்வெற்றி அவர்கள் கையில் நிலைக்கவில்லை. பகைவரின் வலிமை மட்டுமா அவர்களைக் கெடுத்தது? கடலில் நின்றவன் ஒரு கட்டளைக்கும் கரையில் நின்றவன் மற்றொரு கட்டளைக்கும் ஆட்பட்டிருந்ததே அவர்களைக் கெடுத்தது.

மயிலையிற் பிறந்தவர் என்று செவிவழிச் செய்தி கூறும் திருவள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் 48, 49, 50 என அடுத்தடுத்தே வைத்தார். மூன்றையும் ஒருவனே அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையிலேயே விளங்குகிறது. ஒருவன் வலியை அறிந்து, மற்றொருவன் காலத்தை அறிந்து, இருவரும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு மயிலைக் கரையே சான்று.

முதலில் அக் கரையின் இயல்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்றுள்ள சென்னைத் துறைமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. அதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வாரா. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலை வரிசை வரிசையாக உடைந்து புரளும். ஐரோப்பியரின் கப்பற்படகுகள் அவ்வலையிற் சிக்கினால் கவிழ்ந்துபோம், அல்லது பிளந்துபோம். அதனைக் கடக்க வல்லது தமிழ்க் கடலோடிகளின் சலங்கு ஒன்றே. அதனை வெள்ளையர் மசூலாப் படகு என்றனர். ஆணி ஒன்றும் அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை அறையும்போது முறியாமல் வளைந்து கொடுக்கும். செய்தி கொண்டு செல்வதற்குக் கட்டுமரம். படைவீரனாயினும் பீரங்கிக் குண்டாயினும் அரிசி மூட்டையாயினும், அக் கரையை அடைவதற்குப் பரதவர் துடுப்பே துணை. இதனை வெள்ளையர் எழுதிய போர் நூல்கள் ஓரிரு வரியிற் கடந்து செல்லும். படைத்தலைவன் பெயர் நிற்கிறது. அவனைக் கரை சேர்த்தவன் பெயர் இல்லை.

இனி முதல் இறக்கத்தைக் காண்போர் திருகோணமலையிலிருந்து தொடங்குதல் வேண்டும். பிரெஞ்சு அரசன் பதினான்காம் இலூயி கீழ்க்கடலில் தன் கொடியை நாட்ட விரும்பித் தெலாஏ என்பவரை ஒன்பது கப்பல்களுடன் 1670 மார்ச்சில் அனுப்பினான். வழியிற் பலர் நோயால் மாண்டனர். வணிகக் குழுமத்தின் தலைவராய்ச் சூரத்தில் இருந்த காரோன் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருக்கும் தொடக்கமுதலே ஒத்துப்போகவில்லை. ஒருவர் அரசனின் ஆள், மற்றவர் வணிகரின் ஆள்.

1672 மார்ச்சில் அவர்கள் திருகோணமலையை அடைந்து கரையிலும் சிறு தீவுகளிலும் படையை இறக்கினர். ஒல்லாந்தரைப் பகைத்திருந்த கண்டி அரசன் இராசசிங்கன் உணவும் ஆளும் தருவான் என்பது அவர்களின் நம்பிக்கை. வேண்டிய அளவு உணவு வரவில்லை. ஒல்லாந்தத் தலைவர் வான் கூன்சு பெருங் கப்பற்படையுடன் வந்து கடல்வாயை அடைத்தார். உணவு கொணரச் சென்ற பிரெஞ்சுக் கப்பல்களும் அவரிடம் சிக்கின. ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஒல்லாந்துக்கும் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே போர் மூண்டுவிட்டது. அச்செய்தி கடல் கடந்து வரப் பல திங்களாகும். ஆகவே சுடுவதா, வாளாவிருப்பதா என்று தெளியாமலே தெலாஏ காலம் கழித்தார். சூலையில் சிறு காவற்படை ஒன்றை விட்டுவிட்டுக் கப்பலேறினார். அக் காவற்படையையும் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டனர்.

பசியோடு வடக்கே வந்த அக் கப்பல்கள் மயிலைக்கு எதிரே நங்கூரமிட்டன. போர்த்துக்கீசியர் கட்டிய சாந்தோம் கோட்டையை 1662-இல் கோல்கொண்டைச் சுல்தான் கைப்பற்றியிருந்தான். தெலாஏ உணவு கேட்டார்; கோல்கொண்டை அலுவலர் மறுத்தனர். 1672 சூலை 25-ஆம் நாள் பிரெஞ்சுப் படை இறங்கித் தாக்கிச் சில மணி நேரத்திலேயே கோட்டையைப் பிடித்தது.

அதுவரை எல்லாம் எளிது. கோட்டை கைக்கு வந்தபின் அதற்கு உணவு எங்கிருந்து வரும்? கோல்கொண்டைப் படை திருவல்லிக்கேணியிற் பாளையமிறங்கி நிலவழியை அடைத்தது. ஒல்லாந்தர் கடல்வழியை அடைத்ததோடு தம் ஆள்களையும் கரையில் இறக்கினர். அருகே சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலர், ஐரோப்பாவில் பிரான்சின் நட்பினராய் இருந்தும், மயிலையில் பிரெஞ்சியர் நிலைத்துவிடுவரோ என்று அஞ்சி ஒதுங்கியே நின்றனர். காரோன் பிணங்கிக் கப்பலேறிச் சென்றார். 1673-இல் இலிசுபன் துறையருகே அவர் கப்பல் உடைந்து மூழ்கி மாண்டார். தெலாஏ நம்பியிருந்த துணைக் கப்பற்படை வரவில்லை. ஈராண்டு முற்றுகைக்குப் பின், 1674 செப்டம்பர் 6-ஆம் நாள் கோட்டை பணிந்தது. கோல்கொண்டையார் அதன் மதில்களை இடித்தனர். முற்றுகைக் காலத்தில் உணவு தேடித் தெற்கே போன சிலர், வாலிகொண்டபுரத்துச் சேர்கான் உலோடியிடம் இடம் பெற்றுக் காலூன்றிய ஊரே புதுச்சேரி. மயிலையில் தோற்றவன் அங்கே இருநூற்றெண்பது ஆண்டு அமர்ந்தான்.

இரண்டாம் முறை வந்தவர்கள் முதலில் மிகத் திறமாகவே நடந்துகொண்டார்கள். மோரீசுத் தீவின் ஆளுநர் இலபூர்தொனே தாமே கப்பல் திரட்டி, ஆள் பயிற்றி, 1746 சூலையிற் புதுச்சேரிக்கு வந்தார். அவரை எதிர்க்க வேண்டிய ஆங்கிலக் கப்பற்படையின் தலைவர் பெய்ட்டன், பழவேற்காட்டுப் பக்கம் தலைகாட்டிவிட்டு, சென்னைக்கு ஒரு சொல்லும் துணையாக அனுப்பாமல் வங்கத்துக்குப் போய்விட்டார். கோட்டையில் இருந்த ஆளுநர் மோர்சு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருங்கிணைப்பு இன்மை பிரெஞ்சியருக்கு மட்டும் உரிய நோயன்று.

செப்டம்பர் 14-ஆம் நாள் நகருக்குத் தெற்கே நெடுந்தொலைவில் ஐந்நூறு அறுநூறு பேர் கொண்ட முற்படை இறங்கிற்று. அது கரையோரமாக வடக்கே நடக்க, கப்பல்கள் அதனை ஒட்டியே கடலில் வடக்கே சென்றன. கரையிலுள்ளார்க்கு இடர் நேரின் கப்பற்பீரங்கி காக்கும். கப்பலிலிருந்து மறுநாள் இறங்குவோர்க்குக் கரையிலுள்ளார் இடம் பிடித்து வைப்பர். தரையிறக்கம் எவ்வாறு நிகழவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுத் தேடுதல் அரிது. செப்டம்பர் 21-இல் சென்னைக் கோட்டை பணிந்தது. பிரெஞ்சியர் பக்கம் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

அதன்பின் தொடங்கியது கேடு. பகைப் பிடியிடங்களை நிலையாக வைத்துக்கொள்ளற்க என்னும் கட்டளையோடு வந்தவர் இலபூர்தொனே. ஆகவே 11,00,000 வராகன் மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலரிடமே திருப்பித்தர அவர் பேசி முடித்தார். இந்திய மண்ணில் பிரெஞ்சியர் பிடித்த இடமெல்லாம் தம் ஆட்சிக்கு உட்பட்டது என்றார் புதுச்சேரி ஆளுநர் தூப்ளே. அவரோ சென்னையை ஆர்க்காட்டு நவாபு அன்வருதீனுக்குத் தருவதாக வாக்களித்திருந்தார். ஒரே அரசின் கட்டளைத் தாள்கள் இரண்டும். ஒன்று மற்றதை அறியவில்லை. தூப்ளே பேராளர்களை அனுப்பினார். இலபூர்தொனே அவருட் சிலரைக் காவலில் வைத்தார். நாள்தோறும் மடல்கள் பறந்தன. புதுச்சேரியில் இருந்து இவற்றையெல்லாம் தமிழில் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு இல்லையேல், இப் பூசலைத் தமிழன் கண்ணாற் காண வழியே இராது.

மடல் எழுதுவோர்க்குப் பொழுது இருந்தது, கடலுக்கு இல்லை. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தால் இக் கடலில் எந்தக் கப்பலும் திறந்த வெளியில் நிற்றல் ஆகாது என்பது மயிலைக் குப்பத்துச் சிறுவனும் அறிந்தது. ஆங்கிலக் கப்பல்களும் அக்டோபர் நடுவிற்குள் இக் கரையை விட்டு விலகும் வழக்கம் இருந்தது. இலபூர்தொனேயும் அதனை அறிந்தே விரைந்தார். ஆனால் மீட்புப்பண வழக்கு முடியாமல் அவர் நகர இயலவில்லை. அக்டோபர் 13-ஆம் நாள் இரவு புயல் அடித்தது. விடியும்போது சில கப்பல்கள் மூழ்கியிருந்தன. ஏனையவற்றின் பாய்மரங்கள் முறிந்து கிடந்தன. 1,200 பேர் அளவில் மாண்டனர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். சென்னையைப் பிடிக்கையில் ஆங்கிலரின் குண்டு கொல்லாத அத்தனை பேரையும் இரு தலைவர்களின் பிணக்கு ஓரிரவிற் கொன்றது. எஞ்சிய கப்பல்களோடு அத் திங்களிலேயே இலபூர்தொனே நீங்கினார். பின்னர் பிரான்சில் அவரைச் சிறையில் அடைத்து உசாவினர். குற்றமற்றவர் என 1751-இல் விடுவித்தனர், ஈராண்டில் இறந்தார்.

அப் புயலுக்கு மூன்று கிழமை கழித்து அடையாற்றுப் போர். (ஆங்கிலரின் அக்கால நாட்காட்டி பதினொரு நாள் பின்தங்கியதாதலின் அவர் நூல்களில் அக்டோபர் 24 என்றிருக்கும், பிரெஞ்சியர் கணக்கில் நவம்பர் 4.) வாக்களித்தபடி சென்னை கைக்கு வாராமையால் சினந்த நவாபு, தன் மகன் மாபூசுகானை 10,000 பேரோடு அனுப்பினான். புதுச்சேரியிலிருந்து பராதி என்னும் படைத்தலைவர் 230 ஐரோப்பியரோடும் 700 சிப்பாய்களோடும் வடக்கே வந்தார். மாபூசுகான் அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளை நிறுத்திக் காத்திருந்தான். சென்னைக் கோட்டையிலிருந்து ஒரு பிரிவு வந்து அவன் முதுகைத் தாக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பராதி ஆற்றை அடைந்தபோது அப் பிரிவைக் காணவில்லை. காத்திராமல் ஆற்றில் இறங்கி நடந்தார். ஒரே சீராகச் சுட்டுக்கொண்டு கரையேறினார். மாபூசுகானின் பெரும்படை சாந்தோம் தெருக்களில் நெருக்குண்டு சிதறிற்று. சென்னைப் பிரிவு வந்து சேர்ந்தபோது போர் ஏறத்தாழ முடிந்திருந்தது. பயிற்சி பெற்ற சிறுபடை பயிற்சியற்ற பெரும்படையை வெல்லும் என்பதற்கு இப் போரைச் சான்று காட்டுவோர் பலர். அது மெய்யே, ஆனால் ஒருங்கிணைப்புத் தவறியும் பராதி பிழைத்தது, எதிரியிடம் அதனினும் குறைந்த ஒருங்கிணைப்பு இருந்ததால்தான். யானை மேல் இருந்த தலைவன் திரும்பியதும் படையும் திரும்பிற்று.

இத்தனைக்கும் விளைவு? 1748 உடன்படிக்கைப்படி, வட அமெரிக்காவில் பிடித்த ஒரு கோட்டைக்கு ஈடாகச் சென்னை ஆங்கிலரிடமே திரும்பிற்று. 1749-இல் அவர்கள் சாந்தோமையும் சேர்த்து வளைத்துக்கொண்டனர். பத்தாண்டு கழிந்தும் பிரெஞ்சியர் திருந்தினாரல்லர். 1758-இல் வந்த இலாலி உடனே சென்னையைத் தாக்க வேண்டியபோது கப்பற்படைத் தலைவர் தாசே மறுத்து மோரீசுக்குச் சென்றுவிட்டார். கப்பலின்றி முற்றுகையிட்ட இலாலி, 1759 பிப்பிரவரி 16-இல் ஆங்கிலக் கப்பல்கள் வந்து நிற்கக் கண்டு மறுநாளே விலகினார்.

பாய்மரக் காலத்துக் கதை இது, இன்று வானொலியும் வானூர்தியும் உள்ளனவே என்பார் உளர். அவர் யாழ்ப்பாணத்தை நினைத்தல் வேண்டும். 1987 அக்டோபர் 11-ஆம் நாள் நள்ளிரவு, விடுதலைப்புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்கோடு இந்தியப் படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் உலங்கூர்திகளிலிருந்து ஆள்களை இறக்கிற்று. படையின் வானொலிப் பேச்சை முன்னரே கேட்டறிந்த புலிகள் திடலைச் சுற்றிக் காத்திருந்தனர். முதலில் இறங்கிய அதிரடிப்படையினர் 103 பேர் ஒருவாறு திடலை விட்டு நகர்ந்தனர். அடுத்து வந்த சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பதின்மர் மட்டுமே இறங்க முடிந்தது. அவர்களோடு சேரவேண்டிய எஞ்சியோரைக் கொணர வழியில்லை. உலங்கூர்திகள் குண்டுபட்டுப் பழுதாயின. தரைவழியே வந்து சேரவேண்டிய படை வந்து சேரவில்லை. முப்பதின்மரில் 29 பேர் இறந்தனர், ஒருவர் சிறைப்பட்டார். அதிரடிப்படையினரை மீட்க வந்த கவச ஊர்திகள் தெருக்களைத் தவிர்த்து இருப்புப்பாதை வழியே வரவேண்டியதாயிற்று. இந்தப் பூசலின் நடுவே கொக்குவில் பிரம்படியில் தம் வீடுகளில் இருந்த குடிமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அப் படையை அங்கு இறக்குவதென வகுத்த திட்டத்தில் அவ்வீடுகளுக்கு இடம் இருக்கவில்லை.