பேரக் குழந்தைகளுக்கு எந்தப் பாடமுறை?

(பொம்மனஹள்ளி அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பேரனை இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதலில் ஒன்று: பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்றிருந்தும் உள்ளே சி.பி.எஸ்.இ. நடத்தும் பள்ளிகள் உண்டு. விசாரித்துக்கொள்ளுங்கள்.

1968-ல் ஜெனீவாவில் தோன்றிய ஐ.பி. அமைப்பு, 11 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று 1994-ல் எம்.ஒய்.பி. திட்டத்தைக் கொண்டுவந்தது. இதற்கென்று பொதுவான பாடப்புத்தகம் கிடையாது; பாடத்தை ஆசிரியரே வகுக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றிலும் உச்சம் 8. விஞ்ஞானத்தில் சோதனையைப் பிள்ளையே திட்டமிடுவதற்குத் தனி அளவுகோல்! பி.எஸ்ஸி.யில்கூட எங்களுக்கு அந்த பாக்கியம் கிட்டவில்லை.

ஆனால் இது நம் தேசத்துக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்தே விஞ்ஞானம் கற்கத் தொடங்கினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 30 வருஷம் நடந்ததை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. இன்று லட்சக்கணக்கில் கட்டி நாம் தேடுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

ஆகவே பள்ளியின் நீச்சல் குளத்தைப் பார்க்காதீர்கள். ஆசிரியர்கள் எத்தனை வருஷம் நிலைக்கிறார்கள், பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பிள்ளையின் தகப்பனாருக்கு மாற்றலாகும் உத்தியோகமா? சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாவதிலேயே பெயர் பதிவாகிவிடும். நேராகப் பத்தாவதில் நுழைவது சிரமம். மாற்றுவதானால் எட்டாவது முடிந்ததுமே மாற்றிவிடுங்கள்.