சந்தைக் கணக்கும் தாள் கணக்கும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது, விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் பாறசாலையைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களில் இரு மொழியும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன. கணக்கிலோ எல்லையே இல்லை. கால், அரை, முக்கால் என்பவை இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் அன்றோ!

கேரளம் 1991 ஏப்ரல் 18ஆம் நாள் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமென அறிவிக்கப்பட்டது. அத்துடன் பணி ஓயவில்லை. அம்மாநிலத்துச் சாக்ஷரதா மிஷன், பள்ளிப் படிப்பை இடையில் விட்டோருக்கு நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளை நடத்திவருகிறது. வயது வந்தோர் பலர் அங்கே அஞ்சுவது கணக்குத் தாளுக்கே.

இவ்வச்சம் எங்கிருந்து வருகிறது? மீன் விற்கும் அம்மையார் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கிலோ 240 ரூபாய் மீனில் ஒன்றேகால் கிலோ கேட்டால், 240உம் அதன் கால்பங்கு 60உம் சேர்த்து, 300 என்று கண்ணிமைக்குமுன் கூறிவிடுவார். அதையே 1.25 என்று புள்ளியிட்டு, 240ஆல் பெருக்குக என்றால் திகைப்பார். அவர் அறியாதது கணக்கன்று, எழுதும் முறையே. ஆதலின், தசமப் புள்ளியிலிருந்து பாடம் தொடங்குவது பிழை என்பது நம் கருத்து. வாய்க்கணக்கை அவரே சொல்லட்டும். சொன்னபடியே ஆசிரியர் எழுதிக் காட்டட்டும். புள்ளி பிறகு வரட்டும். முதுமை இதற்குத் தடையன்று. கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 2019இல், தம் 105ஆம் வயதில், நான்காம் வகுப்பு இணைத்தேர்வு எழுதிக் கணக்கில் 75க்கு 75 பெற்றார்.

தேர்வு ஒருபுறம் இருக்கட்டும். கேரளத்தில் நிலம் பேசப்படுவது சென்ட் கணக்கில். பத்திரத்தில் எழுதப்படுவதோ 'ஆர்' கணக்கில். ஓர் ஆர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆகவே 4 ஆர் மனையைப் பத்து சென்ட் என்று விலை பேசி வாங்குபவர், இல்லாத 50 சதுர அடிக்கும் பணம் எண்ணுகிறார்.

கடனிலோ இழப்பு இதனினும் பெரிது. 'நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்' என்பது செவிக்குச் சிறிய வட்டி. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. 50,000 ரூபாய் வாங்கியவர், முதலில் ஒரு காசும் குறையாமல், ஓராண்டில் 18,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பார். இந்த ஒரு பெருக்கலை வகுப்பின் முதல் வாரத்திலேயே கற்பித்துவிடலாம். வினாத்தாளில் அது வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.