கைமாறி வந்த உலோகங்காட்டி

மாதுங்காவில் நமக்கு மாமா முறையாகும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பழம்பொருள் சேர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. வீடு மாறும் சமயத்தில், சோர் பஜாரில் எப்போதோ வாங்கிப் பரணில் போட்டிருந்த கருவி ஒன்றை நம்மிடம் ஒப்படைத்தார். நீண்ட பிடி, அதன் முனையில் தட்டுப் போன்ற வளையம், நடுவே ஒரு தகரப் பெட்டி. மெட்டல் டிடெக்டர் என்று சொல்கிறோமே, அதுதான். “புதையல் கிடைத்தால் எனக்குப் பாதி” என்று சொல்லிச் சிரித்தார்.

இந்நகரில் தங்கம் புதைந்து கிடக்கிறது என்ற நினைப்புக்கு ஓர் அடிப்படை இல்லாமற் போகவில்லை. 1944 ஏப்ரல் 14ஆம் நாள், விக்டோரியா துறைத் தளத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டைக்கீன்’ என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும், ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் அந்த ஒரே கப்பலில் இருந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் மாண்டன, பல்லாயிரவர் வீடிழந்தனர். கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. மொத்தம் 124, ஒவ்வொன்றும் 12 கிலோவுக்கு மேல் எடை. அவற்றுள் ஒன்று வானில் பறந்து, வெகு தொலைவில் ஒரு பார்சிப் பெரியவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் விழுந்தது. 1970களிற்கூட, துறைமுகத்தில் தூர் வாரும்போது சில கட்டிகள் அகப்பட்டன. ஆனால், நேயர்களே, யாரும் மண்வெட்டியுடன் புறப்பட்டுவிட வேண்டாம். 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கலெக்டருக்கு அறிவித்தாக வேண்டும். மாமாவின் பாதி அப்போதே கரைந்து போயிற்று.

கருவியோ வாய் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. யாரோ பாட்டரியை உள்ளேயே விட்டுவிட்டார்கள். அது கசிந்து, செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத் தாளால் தேய்த்துத் தகடுகளைத் துலக்கினோம். அரித்துப் போன கம்பிகளை மாற்றினோம். உள்ளே உலர்ந்து போயிருந்த சில மின்தேக்கிகளுக்கு ஈடாகப் புதியவை லாமிங்டன் ரோட்டுக் கடைகளில் கிடைத்தன. இவ்வளவும் ஆன பின் காதில் ஒரு ரீங்காரம் கேட்டது. மகிழ்ச்சியோடு தோசைக்கல்லை அருகே கொண்டுபோனோம். ரீங்காரம் துளியும் மாறவில்லை. தோசைக்கல்லையே காணாத கருவி மண்ணுக்குள் எதைக் காணப் போகிறது?

இங்கே கருவி வேலை செய்யும் விதத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் இரண்டு அலையியற்றிகள் உள்ளன. ஒன்று ஒரே சுருதியில் நிற்கும். மற்றொன்றின் சுருதியைத் தீர்மானிப்பது வளையத்திலுள்ள கம்பிச்சுருள். இரண்டும் நம் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதிகள். அவற்றுக்கிடையே உள்ள வேற்றுமையே நாம் கேட்கும் ரீங்காரம். சுருதி சேராத இரு தம்பூராக்கள் சேர்ந்து ஒலிக்கும்போது ஓர் அதிர்வு எழுமே, அது போன்றது. வளையத்தின் அருகே உலோகம் வந்தால் அதன் சுருதி மாறும். ரீங்காரமும் உடனே ஏறும் அல்லது இறங்கும். தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே வேறொரு முறையில் இத்தகைய கருவியைச் செய்தார். சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலிலிருந்த குண்டைத் தேடவே அதைச் செய்தார். குண்டு அகப்படவில்லை, கட்டிலின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்று சொல்வார்கள். பழுது கருவியில்தான் என்று முடிவு கட்டுமுன் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும் என்று நமக்கும் அப்போது தோன்றியது.

வளையத்தைப் பிரித்தோம். கம்பிச்சுருளைச் சுற்றி ஈயத்தாள் போன்ற மெல்லிய தகடு சுற்றியிருந்தது. நம் கையும் ஈர மண்ணும் நெருங்கும்போது சுருதி தடுமாறாமல் காப்பதற்காகச் சுற்றுவது அது. அந்தத் தகடு முழு வட்டமாக மூடிவிடக் கூடாது. ஓரிடத்தில் அரை விரல் இடைவெளி விட வேண்டும். முன்பு பழுது பார்த்தவர் யாரோ, இடைவெளியைக் குறை என்று எண்ணி, அழகாகப் பற்றவைத்து மூடியிருந்தார். மூடிய வட்டத்தில் மின்சாரம் சுழன்று, அதுவே ஓர் உலோகத் துண்டாகிக் கருவியைச் செவிடாக்கிவிட்டது. அவர் செய்த வேலையின் சுத்தத்தைப் பாராட்டிக்கொண்டே அதை வெட்டினோம். பித்தளை டம்ளர் அருகே வந்ததும் ரீங்காரம் ஏறியது. இரும்பாணி வந்ததும் இறங்கியது. தோசைக்கல் மட்டும் பித்தளையைப் போலவே ஒலியை ஏற்றியது. அகன்ற இரும்புத் தகடு சில சமயம் இப்படிப் பாசாங்கு செய்யும்.

முதலில் மாஹிம் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். உப்பு நீரில் நனைந்த மணலே மின்சாரத்தைக் கடத்துமாதலால், கருவி ஓயாது புலம்பிற்று. கிடைத்தவை சோடாப் புட்டி மூடிகள்.

பயன் வேறிடத்திலிருந்து வந்தது. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து ஆசாரி ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். இடிக்கும் பழைய கட்டடங்களின் பர்மாத் தேக்கு உத்திரங்களை வாங்கி அறுத்து, கதவும் மேசையும் செய்கிறார். உத்திரத்துக்குள் தலை ஒடிந்த ஆணிகள் புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியா. சென்ற ஆண்டு ஓர் ஆணியில் ரம்பம் மாட்டி, ஒடிந்த பல் ஒன்று தெறித்துக் கூட வேலை செய்யும் பையனின் புருவத்தைக் கிழித்தது. சிறிது கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். “பழைய மரமே வேண்டாம்னு விட்டுரலாமானு இருக்கு, அண்ணாச்சி, விட்டா சோறு எங்கே?” என்றார்.

கருவியைக் கொண்டுபோனோம். முதல் நாள் ஓர் உத்திரத்தில் பதினேழு இடங்களில் சாக்குக் கட்டியால் குறியிட்டோம்; பதினைந்தில் ஆணி இருந்தது. மற்ற இரண்டில் எதுவும் இல்லை. அது பரவாயில்லை. மூன்றாம் நாள், கருவி மௌனமாக இருந்த இடத்தில் ரம்பம் கிறீச்சிட்டதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. நல்ல வேளை, ஒருவருக்கும் காயமில்லை. ஆணி ஐந்து அங்குல ஆழத்தில் கிடந்தது; நம் கருவிக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் எட்டாது. அன்று முதல் உத்திரத்தை நான்கு புறமும் திருப்பிப் பார்க்கிறார்கள். தடித்த உத்திரமானால், ஒருமுறை பிளந்தபின் உட்பக்கத்தையும் பார்க்கிறார்கள். பையனுக்குக் கண்ணாடி மாட்டாமல் ரம்பத்தருகே வர அனுமதியில்லை.

கருவி இப்போது அந்தப் பட்டறைச் சுவரிலேயே தொங்குகிறது. பிடுங்கிய ஆணிகளை ஒரு டப்பாவில் சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார் ஆசாரி. முதல் தடவை கிடைத்த காசில் பாதியை மாமாவிடம் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, “ராத்திரியிலே பாட்டரியைக் கழற்றி வைக்கிறார்களா?” என்று கேட்டார்.