ஜமீனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

நேயர்களே, விடுமுறை வந்தால் பழைய அரண்மனை ஒன்றைக் கண்டு வரவேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. திருநெல்வேலியிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு அதற்குக் குறைவில்லை. தெற்கே சென்றால் பத்மநாபபுரம் இருக்கிறது. அது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பினும் கேரள அரசு அதைப் பேணி வருகிறது. திங்கட்கிழமை போகாதிருந்தால் போதும். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழையலாம். கிழக்கே சென்றால் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த இல்லமும், ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனாரின் இல்லமும் அரசின் நினைவில்லங்களாக விளங்குகின்றன. இவற்றிற்கெல்லாம் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை.

மேற்கே செல்கிறவர்களுக்குத்தான் திட்டம் வேண்டும். நான் சொல்லுவது சிங்கம்பட்டி ஜமீனைப் பற்றி. தாமிரபரணிக் கரையோடு மேற்கே போய், மணிமுத்தாற்றின் பக்கம் திரும்பினால், மலைச் சுவரின் அடியில் இருக்கிறது அவ்வூர். அங்கே ஜமீன் அரண்மனை இருக்கிறது. ஜமீன் காலத்துப் பொருள்களும் படங்களும் அதற்குள் காட்சியாக வைக்கப்பட்டன. இவ்வளவையும் கேள்வியுற்று, பல ஆண்டுகளுக்கு முன்னே ஒரு நாள், யாதொரு முன்யோசனையுமின்றி நான் கிளம்பிவிட்டேன்.

நான் கிளம்பிய நாள் ஆடி அமாவாசை. அன்று பார்ப்பதற்கு விசேஷமாக இருக்கும் என்பது என் எண்ணம். கல்லிடைக்குறிச்சியில் ரயிலை விட்டிறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி, ‘சிங்கம்பட்டி’ என்று சீட்டுக் கேட்டேன். ‘எந்தச் சிங்கம்பட்டி?’ என்றார் கண்டக்டர். ஜமீன் சிங்கம்பட்டி என்று ஓர் ஊர், அயன் சிங்கம்பட்டி என்று மற்றோர் ஊர் உண்டென்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜமீனுக்குத் தீர்வை செலுத்திய நிலம் ஒன்று. நேரே சர்க்காருக்குத் தீர்வை செலுத்திய அயன் நிலம் மற்றொன்று. அந்தத் தீர்வை முறை போய் நெடுங்காலமாயிற்று. ஊர்ப் பெயரில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒருவாறு சரியான ஊரைச் சென்றடைந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. அரண்மனை வாசலும் சாத்தியிருந்தது. எதிரே ஒரு திண்ணையில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் அமர்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ‘ஆச்சி, அரண்மனையைப் பார்க்க வந்தேன். யாரும் இல்லையா?’ என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘ராசா மலைக்குல்லா போயிருக்காக! இன்னைக்கு அரமனை அங்கனதாம் இருக்கு தம்பி. இது வெறுங் கட்டடம்லா’ என்றார்.

பஸ் திரும்பி வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் அவர் சொன்ன சொல்லையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மலைமேல், முண்டந்துறைக் காட்டுக்குள், காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனோடு தொன்றுதொட்டுத் தொடர்புடைய கோயில் அது. ஆடி அமாவாசை அங்கே பெருவிழா. தமிழ்நாட்டில் முடிசூட்டப்பெற்ற ஜமீன்தார்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர் என்று சொல்லப்பட்ட முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள் அந்நாளில் ராஜ உடை தரித்து, அக்கோயிலில் மக்களுக்குக் காட்சி தருவது வழக்கமாயிருந்தது. ஜமீன் போனபின்பும் அந்த வழக்கம் போகவில்லை. அவர் 2020ஆம் ஆண்டு மே மாதம் காலமானார்.

ஜமீன் என்றால் ஒரு வீடு அன்று. அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. ஆற்றங்கரை வயல், குளம், மலை, காடு, கோயில் ஆகிய யாவும் சேர்ந்ததே ஜமீன். 1948ஆம் ஆண்டின் 26ஆவது சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1952இல் சிங்கம்பட்டி ஜமீனை அரசு எடுத்துக்கொண்டது. அதன்பின் வயல் குடியானவனுக்கு என்றும், காடு வனத்துறைக்கு என்றும் ஆயிற்று. வீடு மட்டும் குடும்பத்தாரிடம் நின்றது. சட்டம் செய்தது நியாயமே. உழுகிறவன் பக்கத்தில் நிற்கிற எவரும் அதைக் குறைகூற மாட்டார். ஆனால் பார்க்கப் போகிறவனுக்கு அதனால் ஒரு வேலை வந்து சேர்ந்தது. பிரிந்து கிடப்பவற்றை அவன்தான் தன் பயணத்தால் மீண்டும் ஒன்றுசேர்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் இந்த வேலை பார்வையாளனுக்குப் பெரும்பாலும் இல்லை. 1895இல் அங்கே நேஷனல் டிரஸ்ட் என்னும் சங்கம் தோன்றியது. மரண வரி கட்ட இயலாமல் தவித்த பிரபுக்கள் தங்கள் மாளிகைகளை அதனிடம் ஒப்படைப்பதற்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது. மாளிகையோடு பூங்காவும் பண்ணையும் சேர்ந்தே ஒப்படைக்கப்படுவதுண்டு. ஒரே வாசலில் சீட்டு வாங்கி அனைத்தையும் பார்த்து, தேநீரும் அருந்தித் திரும்பலாம். நம் சிங்கம்பட்டியில் வாசல்கள் பல. தேநீரோ மலைமேல் விளைந்தது. அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் காலத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மலைப்பாதையை நம்பலாகாது. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். தை பிறந்து பங்குனி முடிய உள்ள காலமே உகந்தது. பிசான நெல் கதிர் முற்றி நிற்கும். வானம் தெளிந்து மலை கிட்டத்தில் தோன்றும்.

குறைந்தது இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் காலையில் அரண்மனைக்குப் போகாதீர்கள். என் பேச்சு விபரீதமாகத் தோன்றலாம், காரணம் சொல்கிறேன். நேரே மணிமுத்தாறு அணைக்கரைக்குச் செல்லுங்கள். காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில் கட்டப்பட்ட அணை அது. நீர்மட்டத்தின் முழு அளவு 118 அடி. அதன் கரைமேல் நின்று மேற்கே பாருங்கள். எதிரே சுவர்போல் எழுந்து நிற்கும் மலையின் காடுகள் ஒரு காலத்தில் ஒரு வீட்டாருக்கு உரிமையாயிருந்தன. அதைக் கண்ணால் அளந்துகொண்ட பிறகு அரண்மனைக்கு வந்தால், அங்குள்ள பழைய படங்களும் பொருள்களும் உங்களோடு பேசும். அளவாமல் வந்தால் அவை பழஞ்சாமான்களாகவே தோன்றும்.

அரண்மனை என்பது ஒரு குடும்பத்தாருடைய உடைமை. அரசாங்கக் காட்சிசாலைபோல் எண்ணி, ‘எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டு போகலாகாது. முன்கூட்டியே விசாரித்து, சம்மதம் பெற்று, சொன்ன நேரத்தில் சொன்ன பேர் மட்டும் போகவேண்டும். இருபது பேரைத் திரட்டிக்கொண்டு வேனில் போய் இறங்குவது, கலியாண வீட்டுக்கே அழகன்று. இன்று இயலாது என்று சொன்னால் முகம் வாடாமல் திரும்பவும் தெரிந்திருக்க வேண்டும். நான் இரண்டாம் முறை கடிதம் எழுதிவிட்டுத்தான் போனேன்.

அடுத்த நாள் மலை. களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்கள் இரண்டும் 1988இல் ஒன்றாகிப் புலிகள் காப்பகமாயின. ஆதலின் அய்யனார் கோயிலுக்குப் பாபநாசத்தின் மேலுள்ள சோதனைச் சாவடியையும், மாஞ்சோலைக்கு மணிமுத்தாற்றுச் சோதனைச் சாவடியையும் கடக்கவேண்டும். அனுமதி விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியவை. அம்பாசமுத்திரத்தில் வனத்துறை அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு வழியும் வெவ்வேறு. ஒரே பகலில் இரண்டையும் பார்க்க முற்பட்டால் இரண்டையும் பார்த்ததாகாது. எது ஒன்று என்று கேட்டால், நான் மாஞ்சோலையையே சொல்லுவேன்.

மாஞ்சோலைக் கதை சென்னையில் தொடங்குகிறது என்பார்கள். ஜமீன் வாரிசுகள் படித்த நியூயிங்டன் மாளிகையின் தலைவர் டி லா ஹே என்னும் வெள்ளைக்காரர் 1919இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகளின் பெயர்கள் அவ்வழக்கில் அடிபட்டன. வழக்கு பம்பாய் வரை சென்றது. குற்றம் எவர்மீதும் நிலைநாட்டப்படவில்லை. அந்த வழக்குச் செலவே ஜமீனைக் கடனில் ஆழ்த்திற்று என்றும், அதனால்தான் மலை குத்தகைக்குப் போயிற்று என்றும் அப்பக்கத்தில் சொல்லுவார்கள். காரணம் எதுவாயினும், 1929இல் ஏறத்தாழ 8,374 ஏக்கர் காடு பம்பாய் பர்மா வியாபாரக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகையாகத் தரப்பட்டது. காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமேல் ஊர்கள் உண்டாயின. ஜமீன் ஒழிந்தபின்பும் குத்தகை ஒழியவில்லை.

அங்கே கொழுந்து பறிக்கச் சென்றவர்கள் மூன்று, நான்கு தலைமுறையாக லயன் வீடுகளில் வாழ்ந்தார்கள். கூலிக்காகவும், சிறைப்பட்ட தம் தோழர்களுக்காகவும் அவர்கள் 1999 ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலிக்கு ஊர்வலமாக வந்தபோது, போலீஸார் தடியடி நடத்தினர். ஆற்றில் இறங்கியவர்களும் தப்பவில்லை. ஒரு சிறு குழந்தை உட்பட 17 பேர் மாண்டனர். அம்மலையிலிருந்து இறங்கி வருகிற அதே தாமிரபரணியில்தான். 2024இல் கம்பெனி குத்தகை முடியுமுன்னரே தொழிலை விட்டு விலக முற்பட்டு, தொழிலாளரை விருப்ப ஓய்வில் செல்லச் சொல்லிற்று. பிறந்து வளர்ந்த மலையை விட்டு எங்கே போவோம் என்று அவர்கள் நீதிமன்றத்தின் படியேறினார்கள்.

அரண்மனைக்குள் வைத்த பொருள்களுக்குக் காவல் உண்டு. லயன் வீட்டிலிருந்து இறங்கியவர்களின் கொழுந்துக் கூடையையும் மழைக் கொங்காணியையும் எடுத்துவைக்க ஓர் அறை எங்கேனும் உண்டா? ஜமீனின் வரலாற்றில் அவையும் சேர்ந்தவை அல்லவா? இரண்டாம் முறை நான் மலைக்குப் போயிருந்தபோது, ஒரு லயன் வீட்டு வாசலில் கருப்புக் காப்பி கொடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் காப்பியா என்று நான் சிரித்தேன். ‘நல்ல தூள் எல்லாம் கீழே போயிரும்லா’ என்று அந்த வீட்டு அண்ணாச்சியும் சிரித்தார்.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்குப் பிறகு தேயிலைச் செடி நின்ற இடத்தில் காடு மெல்ல ஏறிவரும், வர வேண்டியதுதான். லயன் வீடுகளின் சுவர் எத்தனை மழை தாங்கும் என்பது சொல்வதற்கில்லை. ஊத்திலும் நாலுமுக்கிலும் பெய்கிற மழை சாமானியமானதன்று. போகிறவர்கள் அதற்குள் ஒரு முறை போய்வாருங்கள். தண்ணீருக்குச் செம்போ எவர்சில்வர்க் கூஜாவோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது. கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, பஸ்ஸில் சீட்டுக் கேட்கும்போது மட்டும், மறவாமல் ‘ஜமீன்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.