கட்டி என்று சொல்லுமுன்
(மண்டகப்பட்டில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



இவ்வூர்க் குகைக்கோயிலை நீங்கள் அறிவீர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஏதுமின்றி மகேந்திரவர்மன் அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. பாறையின் தன்மை அறியாமல் உளி வைப்பாருண்டோ? மூளையில் கை வைப்பதும் அப்படியே.

"ஸ்கேனில் கட்டி என்று தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சோதனை, எதற்குச் செலவு?" என்று சபையார் எங்களைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அனுபவமே அதற்குப் பதில். டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை அங்கே தொடங்கினார்.

மூளைத் தண்டு ஏறக்குறைய கட்டைவிரல் பருமனே உள்ளது. மூச்சு, விழுங்குதல், கண்ணசைவு ஆகியவற்றுக்குரிய நரம்புகள் அதற்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அங்கே கட்டி வருவது அரிது. திறந்து பார்ப்பதோ ஆபத்து. ஆகவே படத்தை மட்டும் நம்பிக் கதிர்வீச்சு கொடுக்கும் வழக்கம் இருந்தது. வேலூரில் டாக்டர் ராஜசேகரும் டாக்டர் மாத்யூ சாண்டியும் நோயாளியின் தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, சி.டி. ஸ்கேனால் இடத்தைக் கணக்கிட்டு, சிறு துளை வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தித் துணுக்கு எடுத்தார்கள். 71 நோயாளிகளின் அனுபவத்தை 1995இல் வெளியிட்டார்கள். பலருக்கு அது மெய்யான கட்டிதான். சிலருக்கோ காசநோய் போன்ற வேறு வியாதி! காசநோய்க்கு மாத்திரை உண்டு, கதிர்வீச்சு வேண்டியதில்லை.

வலிப்புடன் வருவோரிடமும் இதே பாடம். ஸ்கேனில் தெரியும் சிறு புள்ளியைக் காசநோய் என்றே முன்பு எண்ணினார்கள். வேலூர் மருத்துவர்கள் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் அது நாடாப்புழுவின் இளம்புழு தங்கிய இடம் என்று கண்டு, 1989இல் உலகுக்கு அறிவித்தார்கள். 20 மில்லிமீட்டருக்கு மேற்படாத இத்தகைய புள்ளிகளில் பல, நாளடைவில் தாமாகவே மறைந்துவிடுகின்றன.

எல்லாருக்கும் நற்செய்தி கிடைப்பதில்லை. புற்றுநோய்தான் என்று முடிவு வரும்போது குடும்பத்தாரோடு உட்கார்ந்து அழுவதும் எங்கள் ஊழியமே. ஆனாலும் பெயர் தெரிந்த நோய்க்குத்தான் சரியான வைத்தியம் செய்யமுடியும்.

ஆகையால் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். வலிப்பு, விடாத தலைவலி, காலை வாந்தி, இரட்டைப் பார்வை உள்ளவரை வீட்டில் மறைத்து வைக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். உங்கள் காணிக்கை ஓர் ஏழைக் கூலியாளின் ஸ்கேனுக்கும் பஸ் கட்டணத்துக்கும் போகும்போது, அதை வீண்செலவென்று எண்ணாதீர்கள். அதுவே ஒருவருக்கு மரணத்தீர்ப்பை மாத்திரைச் சீட்டாக மாற்றக்கூடும்.